பாஸ்போர்ட் வந்தாச்சு, காசு ஒரு பயணத்துக்குத்தான்: அங்கோரா, வேறெங்காவதா?

மண்டபம் ஜெராக்ஸ் | ஆகஸ்ட் 3, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். 44 வயதில் முதல் பாஸ்போர்ட் கைக்கு வந்திருக்கிறது. மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ராமேஸ்வரம் போகிற வடநாட்டுக்காரர்களுக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. அவர்கள் இமயமலையிலிருந்து இங்கே வருகிறார்கள், நான் மதுரை தாண்டுவதே பெரிய சங்கதி.

பள்ளிக்கூடத்தில் கம்போடியாவின் அங்கோர்வாட் கோயில் படம் பார்த்ததிலிருந்து ஒரு ஆசை. சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. நான், வீட்டுக்காரி, அம்மா, மூன்று பேர். அம்மாவுக்கு 67, முட்டிவலி. ஏழு நாளுக்கு மேல் கடையை மூட முடியாது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிற வெளிநாட்டு இடம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். டூர் விளம்பரம் மட்டும் ஒட்டாதீர்கள், கும்பிடுகிறேன்.

பரமக்குடி வத்தல் | ஆகஸ்ட் 3, இரவு 10.52

பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துவிட்டு பர்ஸைத் திறங்கள் அண்ணே. 10 ரூபாய் நோட்டில் கொனார்க், 20ல் எல்லோரா, 50ல் ஹம்பி கல்தேர், 100ல் குஜராத் ராணி கி வாவ், 200ல் சாஞ்சி, 500ல் செங்கோட்டை. ஆறும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. 880 ரூபாயில் முடிந்தது உங்கள் உலகச் சுற்றுலா.

தங்கச்சிமடம் மாலுமி | ஆகஸ்ட் 4, காலை 6.15

வத்தல், காலையிலேயே சிரிக்க வைத்துவிட்டாய்.

ஜெராக்ஸ் அண்ணே, நான் கப்பலில் 19 வருஷம். எங்களுக்கு வாய்ப்பதெல்லாம் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம். கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கட்டிய ஒரு மத்தியானம், மெட்ரோ பிடித்து ஏதென்ஸ் போய் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறினேன், பழைய கோயில்கள் இருக்கிற இடம். முதலில் கண்ணில் பட்டது சாரமும் கிரேனும். கும்பாபிஷேக வேலை நடக்கிற கோயில் மாதிரி. 1975ல் ஆரம்பித்த சீரமைப்பாம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, அந்தப் பளிங்குப் பாறை. லட்சக்கணக்கான கால் பட்டுப் பட்டுக் கண்ணாடியாகிவிட்டது. பாசி படிந்த படித்துறையில் நடக்கிற மாதிரிதான் நடந்தேன். உங்கள் அம்மாவுக்கு நிச்சயமாக அது சரிப்படாது. இப்போது ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, கோடையில் வெயில் கொளுத்தினால் மத்தியானம் மூடியும் விடுகிறார்கள். ஐரோப்பா விசா செலவையும் சேர்த்தால் ஒன்றரை லட்சம் எந்த மூலைக்கு.

சாயல்குடி சுற்றி | ஆகஸ்ட் 4, காலை 9.30

அங்கோர் போய் ஏமாந்தவன் பேசுகிறேன்.

ஒரு ஏஜெண்டிடம் பணம் கட்டினோம். பெயர் வேண்டாம். மூன்று நாள் அங்கோர் என்றார். அங்கே போனபிறகு பார்த்தால் கையில் இருப்பது ஒரு நாள் டிக்கெட். விடியற்காலை கூட்டிப்போக வேண்டியவர் பதினொரு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்தார். வழியில் ரத்தினக்கல் கடை, பட்டுக் கடை என்று இரண்டு மணி நேரம். கோயில் வாசலில் இறங்கும்போது உச்சி வெயில். அந்தக் கோயில் மேற்கு பார்த்தது. அதனால்தான் காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும்பும், குளத்தில் நிழல் விழும், எல்லோரும் போட்டோ எடுப்பதும் அதைத்தான். எங்களுக்கு வாய்த்தது வியர்வை.

ஆகவே டிக்கெட்டை நீங்களே வாங்குங்கள். உங்கள் முகத்தைப் படம் பிடித்து அதிலேயே அச்சடித்துத் தருவார்கள், அடுத்தவர் டிக்கெட் செல்லாது. ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. மூன்று பேருக்கு மூன்று நாள் என்றால் நம்ம காசில் பதினாறாயிரத்தைத் தாண்டும், இது நுழைவுக்கு மட்டும். கிழிந்த டாலர் நோட்டை ஒரு கடையிலும் வாங்க மாட்டார்கள், ஓரத்தில் லேசாகக் கீறல் இருந்தால்கூட. தோளும் முட்டியும் மூடிய உடுப்பு இல்லாமல் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள். அந்தப் படி செங்குத்து, அம்மா ஏற முடியாது.

ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். கீழ்ப் பிரகாரச் சுவரில் பாற்கடல் கடைகிற சிற்பம், கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், நடுவில் விஷ்ணு. எல்லோரும் வாசுகியையும் விஷ்ணுவையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் கடற்கரைக்காரன், கண் கீழே போனது. அடியில் கடல் செதுக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் மீன், முதலை எல்லாம் முழுசாக நீந்துகின்றன. மத்துக்குப் பக்கத்தில் வர வர, சுழற்சியில் சிக்கித் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். 900 வருஷத்துக்கு முன்னால் அதை யோசித்துச் செதுக்கியவன் கட்டாயம் மீன் பிடித்த ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு சுவருக்காக ஏஜெண்டை மன்னித்துவிட்டேன். பாதி மன்னித்தேன்.

உச்சிப்புளி டீச்சர் | ஆகஸ்ட் 4, மாலை 5.05

ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், வகுப்பு எடுத்த வாய்.

தம்பி, சேதுக்கரை ஆட்களுக்கு அங்கோரைவிட நெருக்கமான இடம் இந்தோனேசியாவின் ஜாவாவில் இருக்கிறது. பிரம்பனான். 9ஆம் நூற்றாண்டுக் கோயில், 1991ல் பட்டியலில் சேர்ந்தது. நடுவில் இருக்கிற சிவன் கோயிலின் சுற்றுச்சுவரில் ராமாயணம் வரிசையாக வரும். சேது கட்டுகிற கட்டத்துக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். குரங்குகள் கல்லைத் தூக்கிக் கடலில் போடுகின்றன, கடலுக்குள் மீன்கள் கல்லைச் சுமந்துகொண்டு போகின்றன. நம் ஊர்க் கதையில் முதுகில் மூன்று கோடு வாங்கிய அணில்தானே உதவிக்கு வரும்? அணிலைத் தேடித் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. கூட வந்த வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன், அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

அங்கிருந்து போரோபுதூர் பக்கம்தான். 504 புத்தர் சிலை, 72 ஸ்தூபி. மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் அனுமதி, கல் தேயாமல் இருக்க நாரில் பின்னிய செருப்பு கொடுக்கிறார்கள். அங்கே சுவரில் பாய்மரக் கப்பல் சிற்பங்கள் உண்டு. அதில் ஒன்றைப் பார்த்து அதே மாதிரி மரக்கப்பல் கட்டி 2003ல் புறப்பட்டு ஆப்பிரிக்காவின் கானா வரைக்கும் ஓட்டிப் போனார்கள். நம் அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டிலும் ஒரு கப்பல் கீறியிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இந்த இழையில் எத்தனை பேர்? கை தூக்குங்கள்.

பரமக்குடி வத்தல் | ஆகஸ்ட் 4, மாலை 5.20

கை தூக்கவில்லை டீச்சர். பெஞ்சு மேல் ஏறி நிற்கிறேன்.

கீழக்கரை காக்கா | ஆகஸ்ட் 4, இரவு 11.58

அஸ்ஸலாமு அலைக்கும். பஹ்ரைனில் இருந்து எழுதுகிறேன், இங்கே 22 வருஷம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் வெள்ளிக்கிழமை ரூமில் தூங்கிவிட்டு, ஊருக்கு வந்து ‘அங்கே என்ன இருக்கு, வெறும் மணல்’ என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் முஹர்ரக் பழைய தெருக்களில் நடந்தேன். முத்துக்குளிப்புத் தொழிலையே பாரம்பரியமாக 2012ல் யுனெஸ்கோ சேர்த்திருக்கிறது. கடலுக்குள் மூன்று முத்துப்பார், கரையில் ஒரு சின்னக் கோட்டை, ஊருக்குள் 17 கட்டடங்கள். படகு முதலாளியான சம்மாட்டியின் வீடு, வியாபாரி வீடு, சரக்கு வைக்கிற கிட்டங்கி, பள்ளிவாசல் எல்லாம் அதில் அடக்கம். கோட்டையிலிருந்து சந்து சந்தாக மூன்றரைக் கிலோமீட்டர் நடைபாதை. வழி தவறாமல் இருக்க விளக்குக் கம்பத்தில் முத்து மாதிரி வெள்ளைக் குண்டு விளக்கு.

ஒரு வீட்டில் குளியாளியின் சாமான்கள் வைத்திருந்தார்கள். காலில் கட்டுகிற கல், கயிறு, கழுத்தில் மாட்டுகிற பை, மூக்கை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கிளிப். எங்கள் வாப்பாவின் வாப்பா சங்குக்குளிக்குப் போனவர். வீட்டில் சொல்லக் கேட்டதெல்லாம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஜப்பான்காரர்கள் வளர்ப்பு முத்தைக் கொண்டுவந்ததும் 1930களில் இங்கே தொழில் படுத்துவிட்டது. அப்புறம்தான் எண்ணெய். நம்ம மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நின்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே அது மியூசியமாச்சு, இங்கே ஒரு போர்டுகூட இல்லை. கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோயில் தூணும் பள்ளித் தூணும் ஒரே தச்சன் கை. அதுக்கும் போர்டு இல்லை.

ஜெராக்ஸ் தம்பிக்கு இது ஒத்துவராது, டிக்கெட் விலை ஜாஸ்தி. ஆனால் வளைகுடாவில் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஓமானில் பஹ்லா கோட்டை, சவூதியில் ஹெக்ரா, எமிரேட்ஸில் அல் ஐன், கத்தாரில் அல் ஸுபாரா. லீவு நாளில் கார் எடுத்தால் போய் வரலாம். தூங்காதீர்கள்.

கடலாடி வாதி | ஆகஸ்ட் 5, காலை 7.44

எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. 1212 தூண் இருக்கிற ராமேஸ்வரம் மூன்றாம் பிரகாரம் பட்டியலில் இல்லை. தனுஷ்கோடி இல்லை. 1914ல் கட்டிய பாம்பன் தூக்குப்பாலம் இல்லை. ஆனால் பஹ்ரைனில் கிட்டங்கி இருக்கிறது. நம்மை யார் மதிக்கிறார்கள்? முதலில் நம்ம ஊரைப் பார்த்துவிட்டு வெளிநாடு போங்கள்.

உச்சிப்புளி டீச்சர் | ஆகஸ்ட் 5, காலை 10.10

வாதி தம்பி, யுனெஸ்கோ ஊர் ஊராகப் போய் மாலை போடுவதில்லை. அந்தந்த நாடுதான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் உத்தேசப் பட்டியல், அப்புறம் கட்டுக்கட்டாக ஆவணம், நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள், பத்து அளவுகோலில் ஒன்றாவது பொருந்த வேண்டும். ஒரு நாடு வருஷத்துக்கு ஒன்றுதான் அனுப்பலாம். இந்தியாவில் வரிசை எவ்வளவு நீளம் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் மாமல்லபுரம் 1984ல், தஞ்சைப் பெரிய கோயில் 1987ல், கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004ல், ஊட்டி ரயில் 2005ல். 2025 ஜூலையில்தான் மராட்டியக் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்தது. அதோடு உலகக் கணக்கு 1,248, இந்தியாவுக்கு 44 ஆனது.

சேர்ந்தால் எல்லாம் தேன் என்றும் நினைக்காதீர்கள். கோயிலைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்கு உயரக் கட்டடம் கூடாது, மாற்றம் கூடாது என்று கட்டுப்பாடு வரும். ரதவீதி லாட்ஜ்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா? ஜெர்மனியில் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு ஆற்றின் குறுக்கே புதுப்பாலம் கட்டியதற்காக 2009ல் பட்டியலிலிருந்தே தூக்கப்பட்டது. பாலம் பிடித்த ஊர்க்காரர்கள் நாம், யோசித்துப் பேச வேண்டும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. எகிப்தில் அணை கட்டியபோது அபு சிம்பெல் கோயில் முழுகப் போகிறது என்று, 1964 முதல் 1968 வரை அதைக் கல் கல்லாக அறுத்து 65 மீட்டர் மேலே தூக்கி வைத்தார்கள். அந்த முயற்சியிலிருந்து கிளைத்ததுதான் 1972 உலகப் பாரம்பரிய ஒப்பந்தம். அதே 1964 டிசம்பரில்தான் ஒரே ராத்திரிப் புயலில் தனுஷ்கோடி போனது. அங்கே அணை வர வருஷக்கணக்கில் அவகாசம் இருந்தது. இங்கே பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலுக்கு சிக்னல் தெரிவதற்குள் அலை வந்துவிட்டது.

சின்னப்பாலம் பொண்ணு | ஆகஸ்ட் 5, மதியம் 2.25

பட்டம் பட்டம் என்று அடித்துக்கொள்கிறீர்களே, பட்டம் ஏற்கெனவே ஒன்று வந்திருக்கிறது. மன்னார் வளைகுடா 2001லிருந்து யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். உலகப் பாரம்பரியப் பட்டியல் வேறு, இது வேறு. அதற்கு முன்னாடியே 1986ல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்.

எங்கம்மா கடல்பாசி எடுப்பவர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. விரலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு தீவுப் பக்கம் மூழ்கி எடுப்பார்கள். பூங்கா வந்தபிறகு அங்கே போனால் பிடிப்பார்கள். கடல் அழியக் கூடாது என்று எங்களுக்கும் தெரியும், அதை நம்பித்தானே சோறு. ஆனால் கோடு போடும்போது யாரும் எங்களைக் கேட்கவில்லை. அங்கோரிலும் பூங்காவுக்குள் குடியிருந்த சுமார் 10,000 குடும்பங்களை 2022லிருந்து வெளியே அனுப்பினார்கள் என்று படித்தேன். அங்கே போகிறவர்கள் சுவரில் மீன் பார்த்துவிட்டு, டுக் டுக் ஓட்டுகிறவரிடம் ‘உங்க வீடு எங்கே’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாயல்குடி சுற்றி | ஆகஸ்ட் 5, மதியம் 3.02

கேட்கத் தோன்றவில்லை தங்கச்சி. உண்மை.

அரிச்சல்முனை | ஆகஸ்ட் 5, இரவு 9.15

ஜெராக்ஸ் அண்ணன் கேட்ட கேள்வி எங்கேயோ போய்விட்டது. அண்ணே, முட்டிவலி, ஏழு நாள், ஒன்றரை லட்சம், மூன்றையும் கூட்டினால் விடை இலங்கைதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், நாலு மணி நேரம். வாடைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதற்குள் போய் வாருங்கள்.

சிகிரியா மட்டும் வேண்டாம். கிட்டத்தட்ட 1,200 படி, போதாததற்கு வழியில் குளவி எச்சரிக்கை வேறு. அனுராதபுரமும் பொலன்னறுவையும் தரைமட்டம், வண்டி வைத்துச் சுற்றலாம். இரண்டும் 1982லேயே பட்டியலில் சேர்ந்தவை. பொலன்னறுவையில் கல் விகாரைப் புத்தர் படுத்திருக்கிறார், ஒரே பாறை, 14 மீட்டர். தலையணையில் தலை அழுந்திய பள்ளத்தைக்கூடக் கல்லில் காட்டியிருக்கிறான் சிற்பி. சோழர்கள் அந்த ஊரை ஜனநாதமங்கலம் என்று பெயர் மாற்றித் தலைநகராக வைத்திருந்தார்கள், 1070ல் விஜயபாகு விரட்டும் வரை. அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் இன்றும் முழுசாக நிற்கிறது. ராஜராஜன் அரசியின் பெயர். சின்னக் கோயில்தான்.

டிக்கெட்டில் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குச் சலுகை உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்கணும். விகாரைப் பக்கம் செருப்புப் போடக் கூடாது, கல் கொதிக்கும், சாக்ஸ் எடுத்துப் போங்கள்.

தனுஷ்கோடியில் எங்கள் அரிச்சல்முனையில் நின்றால் போனுக்கு ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வரும். கண்ணுக்குத் தண்ணீர்தான். போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

மண்டபம் ஜெராக்ஸ் | ஆகஸ்ட் 6, இரவு 11.20

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாற்கடல் மீன் கதைக்குச் சிரித்தார். இலங்கை என்றதும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார். தாத்தா தனுஷ்கோடித் துறையில் மூட்டை தூக்கியவர். போட் மெயில் ரயில் வந்து நின்றதும் பெட்டிகளை இறக்கித் தலைமன்னார் கப்பலில் ஏற்றுவார். ‘எல்லாத்தையும் ஏத்திவிட்டாரு, அவரு ஒரு நாளும் ஏறல’ என்றார் அம்மா. புயலுக்கு முந்தின வருஷம்தான் மண்டபம் வந்தார்களாம். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை.

முடிவு பண்ணிவிட்டேன். பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போகிறேன், அவருடையது இனிமேல்தான் வரணும்.

கீழக்கரை காக்கா | ஆகஸ்ட் 7, இரவு 12.30

நல்ல முடிவு தம்பி. உம்மாவுக்கு என் சலாம்.

மண்டபம் ஜெராக்ஸ் | செப்டம்பர் 28, இரவு 9.50

போய் வந்தாச்சு. சாக்ஸ் இரண்டு ஜோடி போதவில்லை, நாலு எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வீட்டுக்காரி வாந்தி எடுத்தார், அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை.

வானவன்மாதேவி கோயிலில் கூட்டமே இல்லை. உள்ளே லிங்கம், யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா பையிலிருந்து ராமேஸ்வரம் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை வைத்தார். காவலர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ‘நம்ம ஊர்ல இவ்ளோ சின்னக் கோயிலுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்’ என்று அம்மா வெளியே வந்து கேட்டார். வாதி அண்ணன் பதில் சொல்லவும்.

கடைசி இரண்டு நாளை மன்னாருக்கு ஒதுக்கினோம், அம்மா பிடிவாதம். பள்ளிமுனையில் பெரிய மரம் ஒன்றைக் காட்டிப் பெருக்கமரம் என்றார்கள். ‘இது நம்ம பொந்தம்புளில்ல’ என்று அம்மா சண்டைக்குப் போய்விட்டார். அப்புறம் தலைமன்னார். பழைய இறங்குதுறை துருவேறி நிற்கிறது. ‘நம்ம ஊரு எங்கிட்டு இருக்கு?’ என்றார். மேற்கே கை காட்டினேன். அரிச்சல்முனை தம்பி, நீங்கள் சொன்னதுதான், இந்தப் பக்கமிருந்தும் தண்ணீர்தான். என் போனில் மட்டும் இந்திய டவர் ஒரு கோடு வந்தது, போனது.

உச்சிப்புளி டீச்சர் | செப்டம்பர் 28, இரவு 10.05

அங்கோர் ஆசை?

மண்டபம் ஜெராக்ஸ் | செப்டம்பர் 28, இரவு 10.07

அடுத்த சீட்டு 2027ல் விழும் டீச்சர்.